வெள்ளிக்கிழமைப் பாட்டும் ஒரு பெயரும்



"புதிதாக வருகிற ஹிப்ஹொப் பாட்டுகளைப் பற்றிப் பெற்றோர் என்ன நினைக்கிறீர்கள்? எங்கள் சஞ்சிகைக்கு ஒரு கட்டுரை எழுதித் தாருங்கள்" என்று ஒஸ்லோ சபையின் வாலிபர் குழுவிலிருந்து ஒரு தங்கை தொலைபேசியில் கேட்டா. கேட்டவுடன் எங்கள் மூத்தவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அம்மாவும் அப்பாவும் ஹிப்ஹொப் பற்றி எழுதப் போகினமோ?" என்றான். அவனுக்குப் பதின்மூன்று வயது. அவன் சிரித்ததற்காகவே எழுத ஒத்துக்கொண்டோம்.

நாங்கள் என்றால் கணவனும் மனைவியும். ஒருவர் பேருந்து ஓட்டுகிறார், மற்றவள் தாதி. பேனை பிடிப்பது தாதிதான். ஆனால் இருவரும் பேசிப் பேசி எழுதியதால் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம்.

ஹம்மர்பெஸ்டில் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் சில மட்டுமே இருக்கிறோம். ஞாயிறு ஆராதனைக்கு ஒஸ்லோ சபையோடு கணினி வழியாக இணைகிறோம். வெள்ளிக்கிழமை மாலையில் யாராவது ஒருவர் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். நவம்பர் கடைசியில் மறைகிற சூரியன் ஜனவரி மூன்றாம் கிழமை வரையில் தலைகாட்டாத ஊர் இது. அந்த இருட்டு மாதங்களில் வெள்ளிக்கிழமைக் கூட்டம் இல்லாவிட்டால் எங்களுக்கு மனம் தாங்காது.

ஆனால் அதே வெள்ளிக்கிழமை பிள்ளைகளுக்கு வேறு ஒரு நாள். 2015 ஜூலை முதல் உலகம் முழுவதும் இசைக் கம்பனிகள் பெரும்பாலான புதுப் பாட்டுகளை வெள்ளிக்கிழமைகளில்தான் வெளியிடுகின்றன. நாங்கள் வேதத்தைத் திறக்கும் நேரத்தில் மகன் ஒரு காதில் மாத்திரம் செவிப்பொறியை மாட்டிக்கொண்டு இருப்பான். சொன்னால் கழற்றுவான். கழற்றிய பிறகும் மனம் அங்கேதான் இருக்கும்.

இரண்டு மாதம் சண்டை பிடித்துப் பார்த்தோம், பலனில்லை. பிறகு ஓர் ஒப்பந்தம் செய்தோம். ஜெபக்கூட்டத்தில் அவன் முழு மனதோடு இருக்க வேண்டும். கூட்டம் முடிந்து எல்லாரும் தேநீர் குடிக்கும்போது அவன் ஒரு புதுப் பாட்டைப் போடலாம், கிழமைக்கு ஒன்று மாத்திரம். நாங்கள் அதை இடையில் நிற்பாட்டாமல் கடைசி வரை கேட்போம், பிறகு அவரவர் அபிப்பிராயம் சொல்லுவோம். கெட்ட வார்த்தை உள்ள பாட்டுகளுக்கு அடையாளமாக 'ஈ' என்ற ஆங்கில எழுத்தைப் போட்டிருப்பார்கள். அப்படிப்பட்டதைக் கூட்டத்தின் நடுவே போடக்கூடாது, எங்களோடு தனியாக இருந்து கேட்கலாம்.

எங்கள் ஜெபக்குழுவில் மூத்தவரான ஓர் அண்ணைக்கு இது பிடிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை ஜெபத்துக்குப் பிறகு உந்த உலகப் பாட்டுத் தேவையோ?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு நாங்கள் சொன்ன பதில் இதுதான். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி எழுதினார். குறி சொல்லும் குறத்தியின் கூத்து, கோவில்களிலும் அரசவைகளிலும் ஆடப்பட்ட கூத்து. அந்த வடிவத்தை எடுத்து அவர் மீட்பரைப் பாடினார். இன்று சபைகளில் பாடும் கீர்த்தனைகளின் இராகங்களும் முதலில் வேறு இடங்களில் ஒலித்தவைதான். எங்கள் ஊரில் மலையடிவாரத்தில் நிற்கும் பெரிய கோவிலைப் பாருங்கள். போரில் ஊர் முழுவதும் எரிக்கப்பட்டு மயானச் சிற்றாலயம் ஒன்று மட்டுமே தப்பியது. அதற்குப் பிறகு 1961 இல் கட்டிய கோவில் அது. மீன் காயப்போடும் மரப் பரணின் வடிவத்தில்தான் அதைக் கட்டினார்கள். மீன்பரண் ஆண்டவரின் வீடாகலாம் என்றால், ஒரு பாட்டின் வடிவத்தைப் பார்த்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. அண்ணை தலையை ஆட்டினார். ஒத்துக்கொண்டாரோ தெரியாது, ஆனால் தேநீருக்கு நின்றார்.

ஹிப்ஹொப் எங்கே தொடங்கியது என்பதையும் மகன்தான் சொல்லித் தந்தான். 1973 ஆகஸ்ட் 11 அன்று, நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது மண்டபத்தில் அது பிறந்ததாகச் சொல்வார்கள். ஜமைக்காவிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்து அண்ணனும் தங்கையும் ஒரு விருந்து வைத்தார்கள். புதிய பாடசாலை ஆண்டுக்கு உடுப்பு வாங்கக் காசு சேர்க்கத்தான் தங்கை சின்டி அந்த விருந்தை ஒழுங்குபண்ணினாள். அண்ணன் கூல் ஹேர்க் இசைத்தட்டுச் சுழற்றினார். அதைக் கேட்டபோது எங்களுக்கு மனம் கொஞ்சம் இளகியது. ஊர் விட்டு ஊர் வந்தவர்கள், பிள்ளைகளின் பாடசாலைச் செலவு, மண்டபத்தில் ஒரு நிகழ்ச்சி. இது எங்களுக்கும் பழக்கமான கதைதானே.

இனி எங்கள் அபிப்பிராயங்களைச் சொல்கிறோம்.

முதலில் மகன் போட்டது 2024 மே மாதம் வந்த 'நொட் லைக் அஸ்' என்ற பாட்டு. பாடியவர் கலிபோர்னியாவின் கென்ட்ரிக் லமார். இன்னொரு புகழ்பெற்ற பாடகரை நேரே தாக்கிப் பாடியது. அடுத்த ஆண்டு பெப்ரவரியில் ஐந்து கிராமி விருதுகள் அதற்குக் கிடைத்தன. 'ஈ' அடையாளம் உள்ள பாட்டு ஆகையால் நாங்கள் மூவரும் குசினியில் இருந்து கேட்டோம். உண்மையைச் சொல்ல வேண்டும், தாளம் தொடங்கி அரை நிமிடத்தில் எங்களில் பேருந்து ஓட்டுபவர் மேசையில் தட்டத் தொடங்கிவிட்டார். மகன் அதைக் கண்டு சிரித்தான்.

எங்கள் அபிப்பிராயம்: திறமை இருக்கிறது, மறுக்க முடியாது. ஒருவரை இகழ்ந்து பாடுவது தமிழுக்கும் புதிதல்ல, காளமேகப் புலவரின் வசைப் பாட்டுகளைப் படித்தவர்களுக்குத் தெரியும். ஆனால் தலைப்பைப் பாருங்கள். 'அவர்கள் எங்களைப் போன்றவர்கள் அல்ல' என்பதுதான் அதன் பொருள். பணமும் புகழும் உள்ள இரண்டு பேர் மோதிக்கொள்வது ஒன்று. பாடசாலை நடைபாதையில் பத்துப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு பிள்ளையைப் பார்த்து அதைப் பாடுவது வேறு. மகனிடம் கேட்டோம், "உங்கட வகுப்பில யாரையாவது பார்த்து அப்பிடிப் பாடினவையோ?" அவன் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நானும் பாடினனான்" என்றான். மொழி இன்னும் சரியாக வராத, புதிதாக வந்த ஒரு பையனைப் பார்த்து. திங்கட்கிழமை அவனிடம் போய் மன்னிப்புக் கேட்கச் சொன்னோம், கேட்டான். நாங்கள் நல்ல பெற்றோர் என்ற நினைப்போடு அன்று படுத்தோம். அந்த நினைப்பு அதிக நாள் நிலைக்கவில்லை, அதைப் பிறகு சொல்கிறோம்.

இரண்டாவது, 2024 ஜூலையில் வந்த 'பிக் டோக்ஸ்'. ஹனுமான்கைண்ட் என்ற பெயரில் பாடும் இந்த இளைஞர் கேரளத்தில் பிறந்து அமெரிக்காவின் ஹியூஸ்டனில் வளர்ந்தவர், கோயம்புத்தூரில் படித்தவர். பாட்டு ஆங்கிலத்தில், இதிலும் கெட்ட வார்த்தைகள் உண்டு. சொல்லுகிற விசயம் அநேகமாகத் தற்பெருமைதான். தற்பெருமையைப் பற்றி நீதிமொழிகள் என்ன சொல்கிறது என்று எங்கள் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் காணொளியில் அவர் நடந்து பாடும் இடம் எங்களுக்குப் பிடித்தது. அது 'மரணக் கிணறு', எங்கள் ஊர்க் களியாட்ட விழாக்களில் பலகையால் கட்டிய வட்டக் கிணற்றுக்குள் மோட்டார் சைக்கிள் ஓடுமே, அதே வித்தை. வேகமாகச் சுற்றும்போது சில்லு சுவரை அழுத்துகிறது, அந்த அழுத்தத்தால் உண்டாகும் உராய்வு விழாமல் பிடிக்கிறது, வேகம் குறைந்தால் விழ வேண்டியதுதான். இதைப் பேருந்து ஓட்டுபவர் மகனுக்கு ஒரு கோப்பையும் ஒரு கோலிக்குண்டும் வைத்து விளக்கினார். வயிற்றுப் பிழைப்புக்காக உயிரைப் பணயம் வைத்து ஓடுகிறவர்களை உலகம் பார்க்கும்படி காட்டியது நல்ல காரியம். ஆனால் பாடுகிறவரின் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது, கிணற்றில் ஓடியவர்களின் பெயரைச் சொல் என்றால் எங்கள் மூவருக்கும் தெரியாது. இதை மகனிடம் அன்று சொன்னது நாங்கள்தான். பிறகு எங்களுக்கே திரும்பி வந்த வார்த்தை இது.

மூன்றாவது பாட்டு பாடசாலையிலிருந்து வந்தது. பெப்ரவரி 6 சாமி மக்களின் தேசிய நாள் என்பது உங்களுக்குத் தெரியும். 1917 இல் அதே நாளில் சாமி மக்கள் துரொன்ஹைமில் தங்கள் முதல் பெரிய மாநாட்டைக் கூட்டினார்கள். அந்த நாளில் ஆசிரியை வகுப்பில் ஸ்லின்கிரேஸ் என்ற பாடகரின் ராப் பாட்டைப் போட்டிருக்கிறா. அவர் எங்களிடமிருந்து ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தள்ளியுள்ள மாசே என்ற சிற்றூர்க்காரர். வட சாமி மொழியில் ராப் பாடுகிறார். அந்த மொழியைப் பேசுகிறவர்கள் உலகம் முழுவதிலும் 20,000 பேரளவில்தான். அவ்வளவு சிறிய கூட்டத்துக்காக ஒருவர் ராப் பாடுகிறார் என்றால், காசுக்காகப் பாடுகிறார் என்று சொல்ல முடியாது.

சாமி மொழிக்கு இந்த நாட்டில் நடந்தது சிறிய கொடுமை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாக, பிள்ளைகளை நோர்வேஜியர்களாக்குவதே பாடசாலைகளின் வேலையாக இருந்தது. தாய்மொழி பேசுவது வெட்கம் என்று பிள்ளைகள் படித்தார்கள். உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2023 ஜூன் 1 அன்று தன் அறிக்கையைப் பாராளுமன்றத்திடம் கொடுத்தது. 2024 நவம்பர் 12 அன்று பாராளுமன்றம் மன்னிப்புக் கேட்டது. வயோதிபர் பராமரிப்பில் வேலை செய்யும் எங்களைப் போன்றவர்களுக்கு இது வெறும் செய்தி அல்ல. மறதி நோய் வரும்போது பலருக்குப் பிந்திப் படித்த மொழிதான் முதலில் போகும். கடைசியில் மிஞ்சுவது தாய்மொழி. நோர்வேஜிய மொழி மெல்ல மெல்லக் கழன்றுபோன பெரியவர்களின் கட்டிலருகே, ஒரு சாமிச் சொல்லாவது தெரிந்திருந்தால் நல்லதே என்று பல இரவுகள் நாங்கள் நினைத்ததுண்டு.

அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு வந்த அன்று மகன் ஒரு கேள்வி கேட்டான். "அவர் தன்ர மொழியில பாடுறார். தமிழில அப்பிடி யாராவது இருக்கினமோ, அம்மா?"

வீட்டில் தமிழில் பேசினால் நோர்வேஜிய மொழியில் பதில் சொல்கிற பிள்ளை, தமிழில் ஜெபிக்கச் சொன்னால் எழும்பிப் போகிற பிள்ளை, தானாகத் தமிழைக் கேட்டான். நாங்கள் ஆளுக்கொரு கைபேசியை எடுத்துக்கொண்டு தேடத் தொடங்கினோம். மலேசியாவின் யோகி பி, யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வாழும் ஷான் வின்சென்ட் டி போல் என்று கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் 'எஞ்சாய் எஞ்சாமி'யில் நின்றோம். 2021 மார்ச் 7 அன்று வெளிவந்த பாட்டு. உலகத்துக்குப் பழையது, எங்கள் மகனுக்குப் புதியது. சந்தோஷ் நாராயணன் இசை, தீயும் அறிவும் பாடியது, எழுதியது அறிவு. உங்களில் அநேகர் கலியாண வீடுகளில் இதற்கு ஆடியிருப்பீர்கள். நாங்களும் ஆடியிருக்கிறோம், அதைக் கவனித்துக் கேட்டதில்லை.

மகன் கவனித்தான். "இதில ஒரு பெயர் சொல்லுறார். யார் அந்த ஆள்?" என்று கேட்டான்.

அது வள்ளியம்மாள், அறிவின் பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து, பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒருவர். இதைச் சொல்லப்போனால் கதை முழுவதையும் சொல்ல வேண்டியதாயிற்று. ஆங்கிலேயர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டுக் கோப்பித் தோட்டத்திலும் தேயிலைத் தோட்டத்திலும் உழைத்தவர்கள் அவர்கள். சுதந்திரம் கிடைத்த 1948 ஆம் ஆண்டிலேயே வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்ரோபர் 30 அன்று சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா எடுப்பது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்பது என்று இரண்டு நாடுகள் பேசி முடித்தன. அந்த மக்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. அப்படி எண்ணிக்கையாக மட்டும் இருந்த கூட்டத்திலிருந்து ஒரு பேரன் எழும்பி, தன் பாட்டியைப் பெயர் சொல்லிப் பாடுகிறான். ஒப்பாரியின் சாயலையும் ஆட்டத்தின் தாளத்தையும் ஒன்றாய்ச் சேர்த்துப் பாடுகிறான்.

எங்கள் அபிப்பிராயம்: புதுப் பாட்டுகளில் இவ்வளவு நேர்மையானதை நாங்கள் அதிகம் கேட்டதில்லை. அதற்குப் பிறகு நடந்ததையும் மகனுக்குச் சொன்னோம். 2021 ஆகஸ்டில் ஓர் இசைச் சஞ்சிகையின் இந்தியப் பதிப்பு, தீயையும் ஷான் வின்சென்ட் டி போலையும் அட்டையில் போட்டது, அந்தப் பாட்டை எழுதிப் பாடிய அறிவு அதில் இல்லை. பலர் கேள்வி கேட்ட பிறகு அவருக்கு இணையத்தில் தனி அட்டை வந்தது. பாட்டியின் பெயரைத் தூக்கிப் பிடித்தவனின் பெயரே விடுபட்டுப் போயிற்று.

மகன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு, "அம்மா, நீங்கள் தோட்டத்து ஆக்கள் யாரையாவது கண்டனீங்களோ?" என்று கேட்டான்.

கண்டோம். அது மாத்திரமா, எங்கள் வீட்டிலேயே ஒரு பிள்ளை இருந்தாள்.

யாழ்ப்பாணத்துப் பெரியவர்களுக்கு இது புதிய விசயமாக இராது. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து பல குடும்பங்கள் கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் வந்து குடியேறின. அப்படி வந்த ஒரு குடும்பத்துப் பிள்ளை எங்கள் வீட்டு வேலைக்கு வந்தாள். 1991 ஆக இருக்கலாம். அவளுக்குப் பதினொன்றோ பன்னிரண்டோ வயது. இன்றைக்கு எங்கள் மகனுக்கு இருக்கும் வயதைவிடக் குறைவு. பிள்ளைகளான எங்களை இடுப்பில் தூக்கித் திரிந்தவள் அவள். எங்களுக்குத் தலை இழுத்து, சோறு தீத்தி, பாடசாலைக்குக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் விட்டுவிட்டுத் திரும்புவாள். அவள் பாடசாலைக்குப் போகவில்லை. அவளுக்குத் தனித் தட்டு, தனிப் பேணி. மாலை ஜெபத்துக்கு நாங்கள் எல்லாரும் பாயில் இருந்து பாடும்போது அவள் குசினிக் கதவடியில் நின்று கேட்பாள். எங்கள் வீடு கிறிஸ்தவ வீடு. பக்தியான வீடு என்று ஊரில் பெயர்.

இவ்வளவையும் சொல்லி முடித்ததும் மகன் கேட்டான்.

"அவவின்ர பெயர் என்ன?"

எங்களுக்குத் தெரியவில்லை.

'அந்தப் பிள்ளை', 'தோட்டத்துப் பிள்ளை', 'இஞ்ச வாடி'. இவைதான் நினைவுக்கு வந்தன. நான்கு ஆண்டுகளுக்கு மேல் எங்களைச் சுமந்தவளின் பெயர் நாவில் வரவில்லை. மகன் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. 'நொட் லைக் அஸ்' பாடியதற்காக மன்னிப்புக் கேட்கப் போன பிள்ளை, மன்னிப்புக் கேட்க அனுப்பிய எங்களைப் பார்த்துக்கொண்டு இருந்தான். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் கோப்பைகளைக் கழுவ எழும்பிப் போனோம்.

அன்று இரவு வேலை. ஒவ்வொருவருக்கும் மருந்து கொடுக்கும் முன் பெயரைச் சரிபார்க்க வேண்டும். பெயரும் பதினொரு இலக்கத் தனியாள் எண்ணும் கைப்பட்டியில் இருக்கும். பேசக்கூடியவர் என்றால் அவர் வாயாலேயே பெயரைச் சொல்லக் கேட்போம். படிக்கும் காலத்தில் இதை மனப்பாடம் செய்தோம். பெயர் தெரியாமல் ஒரு குளிசைகூடக் கொடுக்கக் கூடாது. பல ஆண்டுகளாக இதை ஒரு தரமும் தவறவிட்டதில்லை. அந்த இரவில் ஒவ்வொரு கட்டிலடியிலும் பெயர் கேட்கும்போது தொண்டை அடைத்தது.

வீட்டுக்கு வந்து ஆதியாகமத்தை எடுத்து ஆகாரின் கதையை வாசித்தோம். எத்தனையோ தரம் வாசித்த கதை. அந்த விடியலில்தான் ஒன்று கண்ணில் பட்டது. சாராளும் ஆபிரகாமும் பேசும் இடங்களில் அவளை அடிமைப்பெண் என்றே சொல்லுகிறார்கள். ஒரு தரமாவது அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதாக எழுதப்படவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டது வனாந்தரத்தில் அவளைத் தேடி வந்த தேவதூதன்தான். விசுவாசத்தின் தகப்பன் என்று நாங்கள் பாராட்டுகிறவரின் கூடாரத்திலேயே ஒரு பெண் பெயரில்லாமல் இருந்திருக்கிறாள். அவள் பெயர் கர்த்தருக்குத் தெரிந்திருந்தது.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தோம். பிள்ளைகளின் அம்மம்மா. "உதையெல்லாம் ஏன் இப்ப கிளறுறீங்கள்? அவளை நாங்கள் வடிவாத்தானே பாத்தனாங்கள்" என்றா. கோபமாகத்தான் சொன்னா. நாங்களும் தர்க்கம் பண்ணவில்லை. அம்மா அடித்தவவும் அல்ல, பட்டினி போட்டவவும் அல்ல. அந்தக் காலத்தில் எங்கள் ஒழுங்கையில் பல வீடுகளில் இப்படி ஒரு பிள்ளை இருந்தது. எல்லாரும் செய்ததால் யாருக்கும் அது பாவமாகத் தெரியவில்லை. பாவங்களில் கண்டுபிடிக்க மிகக் கடினமானது இந்த வகைதான் என்று இப்போது நினைக்கிறோம்.

இரண்டு நாள் கழித்து, இங்கே விடியற்காலை நான்கு மணிக்கு, அம்மாவே அழைத்தா. குரல் மாறியிருந்தது. "எனக்கு ஞாபகம் வந்திட்டுது" என்றா.

1995 ஒக்ரோபர் 30 இரவு. யாழ்ப்பாணமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்த இரவு. மழை. வீதி நிறைந்த சனம். அந்த நடையில் தம்பியைத் தூக்கியவள் அவள்தான், தலையில் ஒரு மூட்டையும் இருந்தது. சாவகச்சேரியில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் எங்களோடு ஒதுங்கினாள். சில நாள் கழித்து அவளுடைய தகப்பன் கிளாலிக் கடலேரியைத் தாண்டி மகளைத் தேடி வந்தார். எந்தப் பாடசாலை, எந்தக் கோவில் என்று அவருக்குத் தெரியாது. ஆயிரக்கணக்கான சனத்துக்கு நடுவில், ஒவ்வொரு கட்டடத்து வாசலிலும் நின்று, மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாராம். அம்மா அந்தக் குரலைத்தான் நினைவில் வைத்திருந்தா. அவர் கூப்பிட்டதும் அவள் தம்பியை இறக்கி விட்டுவிட்டு ஓடினாளாம்.

"அவர் கூப்பிடேக்கைதான் அவளுக்கு அப்பிடியொரு பெயர் இருந்தது எனக்கே ஞாபகம் வந்தது" என்று சொல்லி அம்மா அழுதா.

பெயரை எங்களுக்குச் சொன்னா. இந்தச் சஞ்சிகையில் அதை எழுதவில்லை. அவளுடைய அனுமதியைக் கேட்க வழியில்லை. அவள் இன்று எங்கே இருக்கிறாள், 2009 ஐத் தாண்டினாளா என்பதும் தெரியாது. வன்னியில் விசாரிக்கச் சிலரிடம் சொல்லியிருக்கிறோம். கிடைத்தால் என்ன சொல்லுவோம் என்று எங்கள் இருவருக்கும் இன்னும் தெரியவில்லை. மன்னிப்பு என்ற சொல் மட்டும் போதாது என்பது தெரியும்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் அந்தப் பெயரைச் சொல்லி ஜெபித்தோம். ஏன் என்று கேட்டவர்களுக்கு முழுக் கதையையும் சொன்னோம். தேநீருக்கு நின்ற மூத்த அண்ணை கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்கட வீட்டிலயும் ஒரு பெடியன் இருந்தவன்" என்றார். அன்று யாரும் பாட்டுப் போடவில்லை.

வாலிபத் தம்பி தங்கைமாரே, ஹிப்ஹொப் கேளுங்கள் என்றோ கேட்காதீர்கள் என்றோ சொல்ல நாங்கள் இதை எழுதவில்லை. கெட்ட வார்த்தைகளும் பெண்களை இழிவுபடுத்துவதும் நிறைந்த பாட்டுகள் ஏராளம் உண்டு. எங்கள் வீட்டில் பாதியில் நின்று போன பாட்டுகளும் உண்டு. ஆனால் ஒரு புதுப் பாட்டு வரும்போது இப்போது எங்கள் வீட்டில் மூன்று கேள்விகள் கேட்கிறோம். இந்தப் பாட்டு யாருடைய பெயரை உயர்த்துகிறது? யாருடைய பெயரை மிதிக்கிறது? இதில் பெயர் சொல்லப்படாமல் நிற்பவர் யார்? இந்த மூன்றையும் ராப் பாட்டுக்கு மட்டுமல்ல, சபைப் பாட்டுக்கும் குடும்பக் கதைகளுக்கும் கேட்டுப் பாருங்கள்.

பெற்றோரே, பிள்ளைகள் கேட்கும் பாட்டை ஒரு தரமாவது அவர்களோடு இருந்து கடைசி வரை கேளுங்கள். அவர்களைத் திருத்த உட்கார்ந்தோம், திருத்தப்பட்டது நாங்கள்.

மகன் இப்போது தமிழில் ஏதோ எழுதுகிறான். எழுத்துப் பிழை நிறைய. காட்ட மாட்டான். அந்தப் பெயரை அதில் போடலாமா என்று ஒரு நாள் கேட்டான். அவளிடம் கேட்க வழி கிடைக்கும் வரை பொறு என்றோம். "சரி" என்றான். பிறகு, "ஜெபத்தில சொல்லலாம் தானே?" என்று கேட்டான். சொல்லலாம் என்றோம்.

அன்று இரவு அவன் அறைக் கதவடியில் நின்று கேட்டோம். தமிழில்தான் ஜெபித்தான். அந்தப் பெயரைச் சரியாக உச்சரித்தான்.

தம் ஆடுகளைப் பேர் சொல்லிக் கூப்பிடும் நல்ல மேய்ப்பர் உங்கள் அனைவரையும் காத்துக்கொள்வாராக. ஆமென்.